சின்னக் கோச்சிப் பிரியரை மாநகரிற் கண்டறியும் சாஸ்திரம்

மனிதன் தன்னையொத்த மனிதனைத் தேடும் பிரயத்தனங்களுள் மிகக் கடினமானது எதுவென்று வினவினால், மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதே என்று சிலரும், கடன் வாங்கிச் சென்றவரைத் தேடுவதே என்று சிலரும், நோன்பு காலத்தில் மாலை ஐந்தரை மணிக்குக் கொழும்பில் முச்சக்கர வண்டிக்காரரைத் தேடுவதே என்று பலரும் விடை பகர்வர். இவை யாவும் கடினமானவையே. எனினும் முதலாவதற்குத் தரகரும், இரண்டாவதற்குப் பொலிஸ் நிலையமும், மூன்றாவதற்குப் பொறுமையும் துணையாக வரும். தரகரும் பொலிசாரும் பொறுமையும் ஒருங்கே கைவிட்ட தேடல் ஒன்று உண்டு. மேசைமீது ஓடும் சின்னஞ்சிறு புகையிரதத்தின்மேல், அதாவது சின்னக் கோச்சியின்மேல், மையல் கொண்ட ஒருவன், இலட்சக்கணக்கானோர் நடமாடும் மாநகரிலே, அதே மையல் கொண்ட இன்னொருவனைத் தேடுவது அது.

இவ்விஷயத்தை எந்தப் பண்டிதரும் இதுகாறும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. குதிரைக்குச் சுழி பார்ப்பதற்கும், பல்லி விழும் பலன் சொல்வதற்கும், தும்மலின் குணதோஷங்களை வகுப்பதற்கும் தமிழிலே நூல்கள் இருக்க, கோச்சிப் பிரியருக்குச் சுழி பார்ப்பதற்கு ஓர் ஏட்டுச்சுவடியும் இல்லாதிருப்பது நம் சாஸ்திர பரம்பரைக்கு நேர்ந்த குறையே. கோச்சியே ஓடாத கல்முனைக் கரையிலே பிறந்து, உத்தியோக நிமித்தம் கொழும்பிலே ஜீவனம் நடத்தும் ஒருவன் அக்குறையை நீக்க முற்படுவது தகுமா என்று வாசகர் ஐயுறலாம். அவ்வையத்துக்கான சமாதானமே இவ்வாய்வின் முதற் சித்தாந்தமாகையால் அதனை உரிய இடத்தில் நிறுவுவோம்.

அதற்கு முன் இலக்கணம். கடையிலே வாங்கிய பிளாஸ்டிக் கோச்சியைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டுப் பத்திரிகை வாசிக்க உட்காருபவர் பிரியர் ஆகார். பிள்ளை உறங்கிய பின்னர் அதே கோச்சியைக் கையிலெடுத்து, விளக்கின் அருகே கொண்டுபோய், என்ஜினுக்கு எத்தனை சக்கரம், அவை மெய்யாகவே எத்தனை இருக்கவேண்டும் என்று எண்ணிப் பார்த்து மனம் வருந்துபவரே பிரியர். வருத்தம் இவ்விலக்கணத்தின் உயிர்நிலை. சின்னக் கோச்சியைப் பற்றி ஒருவருக்கு ஓர் அபிப்பிராயமாவது இருக்கவேண்டும். அந்த அபிப்பிராயத்தின் பொருட்டு அவர் ஒருவரோடாவது மனஸ்தாபப்பட ஆயத்தமாக இருக்கவேண்டும். அபிப்பிராயமற்றவர் வெறும் வாடிக்கையாளர்.

இனிச் சித்தாந்தம். சின்னக் கோச்சியின்மீது ஒருவன் கொள்ளும் காதல், பெரிய கோச்சி ஓடும் தண்டவாளத்துக்கும் அவனுடைய தொட்டிலுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். தெமட்டகொடையில் என்ஜின் கொட்டகையின் அயலிலே பிறந்து டீசல் வாடையைத் தாய்ப்பாலோடு உட்கொண்டவனுக்குக் கோச்சி என்பது கடவையை அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக்கும் ஓர் உபத்திரவம். அதைச் சிறிதாகச் செய்து வீட்டுக்குள் கொண்டுவர அவனுக்குப் பைத்தியமா? கல்முனைப் பிள்ளையின் நிலையோ வேறு. இலங்கையிலே முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27 ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிற்று. 1867 இல் கண்டியையும், 1905 இல் காங்கேசன்துறையையும், 1924 இல் பதுளையையும் சென்று சேர்ந்தது. 1928 இல் மட்டக்களப்புக்கு வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. யுத்த காலத்திலே பலமுறை அதுவரையிலும்கூட வராமல் நின்றதுண்டு. தெற்குக் கரையிலே மாத்தறையோடு முடிந்திருந்த பாதையை 2019 இல் பெலியத்த வரை நீட்டினார்கள். கிழக்குக் கரையிலோ பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் ஈறாகப் புகையிரதத் திணைக்களத்தின் தண்டவாளம் ஓரங்குலமும் இல்லை. பேச்சிலே இப்பாதை பலமுறை போடப்பட்டிருக்கிறது. பேச்சுக்குச் சிலிப்பர்க் கட்டை தேவையில்லை.

இங்கே தடை எழுப்புவோர் உளர். புகையிரத நேரசூசியிலே கல்லோயா என்றொரு சந்தி இருக்கிறதே, கல்லோயா எங்கள் வயலுக்கு நீர் பாய்ச்சும் ஆறல்லவா, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் எங்கள் மாவட்டத்துக்குரியதல்லவா, ஆகையால் எங்களுக்கும் கோச்சி உண்டு என்பது அவர்களின் பூர்வபட்சம். பெயரை நம்பிக் கெட்ட வாதம் இது. அந்தச் சந்தி ஹபரணைக்கு அப்பால், திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகின்ற காட்டோரத்தில், எங்கள் வயல்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதை நம்பி அங்கே இறங்குபவருக்கு எங்கள் ஊர்க் காற்றின் வாசமும் கிடையாது.

எனவே எங்கள் கரைப் பிள்ளை தன் ஆயுளில் முதன்முறை கோச்சியைத் தரிசிப்பது பெரும்பாலும் மட்டக்களப்பு ஸ்டேஷனிலேதான். கச்சேரி அலுவலோ ஆஸ்பத்திரி அலுவலோ முடிந்து, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதென்ற சலுகையால், வாப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு பெறும் தரிசனம் அது. ஏனைய ஊர்களிலே கோச்சியைப் பார்க்கும் பிள்ளைகள் அது வருவதையும் போவதையும் பார்க்கிறார்கள். இவன் அது முடிவதைப் பார்க்கிறான். பளபளவென்று வந்த இரு கம்பிகளும் மெல்ல மெல்லத் துருவேறி, இடையிலே புல் முளைத்து, ஒரு தடுப்புக் கட்டையிலே முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, "வாப்பா, இது ஏன் நம்மட ஊருக்கு வரல்ல?" என்று கேட்கிறான். அக்கேள்விக்கு வழங்கும் விடை குடும்பத்துக்குக் குடும்பம் பேதப்படும். வெள்ளைக்காரனுக்கு நம்மட ஊரில் தேயிலை இல்லையே என்பார் ஒருவர். வாவியும் ஆறும் குறுக்கே கிடக்கின்றன என்பார் இன்னொருவர். பேசாமல் வா மகன், பஸ் போயிரும் என்பார் பெரும்பான்மையோர். விடை திருப்தி தராத பிள்ளைகளே பின்னாளிற் கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் கடைகளிலே, சாவி கொடுத்தால் வட்டமாய் ஓடும் தகரக் கோச்சியின் முன்னால் பிடித்துவைத்தாற்போல் நின்றுவிடுகிறார்கள். தகரக் கோச்சிக்கு முடிவிடம் கிடையாது, அது வட்டம்.

மேல்நாட்டார் இவ்விஷயத்திலே நாணத்தைத் துறந்தவர்கள். ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மார்க்ளின் நிறுவனத்தார் 1891 இல் லைப்சிக் சந்தையிலே, தண்டவாளத்தோடு கூடிய சாவிக் கோச்சியைக் கடைபரப்பி, விளையாட்டுத் தண்டவாளங்களின் அகலத்துக்கும் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள். லிவர்பூலின் பிராங்க் ஹோர்ன்பி 1920 இல் தம் பெயரால் கோச்சி விற்கத் தொடங்கினார். லண்டனிலே 1910 ஆம் ஆண்டிலேயே பிரியர்கள் கூடிச் சங்கம் அமைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியிலே 1946 இல் மாணவர்கள் கூட்டிய சின்னக் கோச்சிச் சங்கத்தில், மேசைக்கு அடியிலே படுத்துக் கம்பிகளையும் சுவிட்சுகளையும் குடைந்த வாலிபர்களே பிற்பாடு கம்பியூட்டரைக் குடையும் முதற் பரம்பரையாயினர் என்பது அச்சரித்திரம் எழுதுவோர் பலரும் ஒப்பும் செய்தி. பாடகர் ரொட் ஸ்டுவார்ட் இருபது வருஷத்துக்கு மேலாகத் தம் வீட்டின் மேல்மாடியிலே ஓர் அமெரிக்க நகரத்தையும் அதன் புகையிரதங்களையும் சிறிதாகக் கட்டிவந்ததையும், கச்சேரிக்குப் போகுமிடமெல்லாம் இந்த வேலைக்கென்று ஹோட்டலிலே மேலதிக அறை ஒன்று எடுத்துக்கொண்டதையும் 2019 இல் உலகறியச் சொன்னார். நம் துணைக்கண்டத்திலும் தைரியசாலிகள் இருந்திருக்கிறார்கள். குவாலியர் மகாராஜாவின் அரண்மனையிலே, விருந்து மேசையின்மீது வெள்ளியாலான கோச்சி ஒன்று தண்டவாளத்தில் ஓடி விருந்தினருக்கு மதுவும் சுருட்டும் கொண்டுவந்து கொடுக்கும். குப்பியை எடுத்தால் நிற்கும், திரும்ப வைத்தால் ஓடும். எங்கள் பக்கத்திலே அதே ஏற்பாட்டை வட்டிலப்பத்துக்கும் பிளேன்டீக்கும் செய்தால் ஒரு கல்யாண வீட்டுக் குழப்பமாவது குறையும் என்பது என் அபிப்பிராயம். பூனாவிலே ஜோஷி என்பார் தம் வாழ்நாட் சேகரத்தை 1998 இல் அருங்காட்சியகமாகவே திறந்துவிட்டார்.

மேற்சொன்னோரைத் தேடுவதற்குச் சாஸ்திரம் தேவையில்லை. பெயர்ப்பலகையைத் தேடினாற் போதும். நம்மவரிடத்திலே பிரியத்துக்குப் பஞ்சமில்லை. பெயர்ப்பலகையின் கீழே நிற்கும் துணிவுக்கே பஞ்சம். வளர்ந்த ஆண்பிள்ளைக்கு எங்கள் கரையிலே அங்கீகரிக்கப்பட்ட பைத்தியங்கள் சில உண்டு. கிரிக்கெட் பைத்தியம் கௌரவமானது. மோட்டார் சைக்கிள் பைத்தியம் மன்னிக்கத்தக்கது. காணி வாங்கும் பைத்தியம் புகழத்தக்கது. அரசியற் பைத்தியம் பரம்பரைச் சொத்து. நாற்பது வயதில், தாடியோடும் தொப்பியோடும், தரையிலே குப்புறப்படுத்துக் கன்னத்தைச் சீமெந்தில் ஒட்டவைத்து, வருகின்ற கோச்சியை அதன் சாரதியின் கண்மட்டத்திலிருந்து பார்க்கும் பைத்தியம் இப்பட்டியலிலே இல்லை. ஆகவே அவர் மறைகிறார். மறைபவரைக் கண்டறிவதற்கு அவர் சொல்லும் சாக்கே சாட்சியாகும். 'பிள்ளைக்கு' என்பது தலையாய சாக்கு. பிள்ளையில்லாதோர் 'மருமகனுக்கு' என்பர். மருமகனும் பருவமடைந்துவிட்டால் 'பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு' என்பர். புறக்கோட்டையின் விளையாட்டுச் சாமான் கடைகளிலே, "பிள்ளைக்கு எத்தின வயசு நானா?" என்று கடைக்காரர் கேட்க, "மூணு" என்று தயங்காமல் விடை சொல்லிய மனிதர், அடுத்த மூச்சிலே, "இது பன்னிரண்டு வோல்ட்டா, கம்பியால கரண்ட் வருதா, இல்ல பெட்டரியா?" என்று கேட்பாரேயானால், ஆய்வாளன் அவரைப் பின்தொடரலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு வோல்ட்டில் அபிப்பிராயம் கிடையாது. அவர் அங்கிருந்து நேரே முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் மின்சார உதிரிக் கடையொன்றிலே ட்ரான்ஸ்போமர் விலை கேட்டால், அனுமானப் பிரமாணம் பூர்த்தியாயிற்று.

ஆயினும் அனுமானத்தைவிடக் காட்சியே வலியது. காட்சிக்கு உகந்த க்ஷேத்திரம் கோட்டை ஸ்டேஷன். இரவிலே மட்டக்களப்புக் கோச்சி புறப்படும் வேளை, சனங்கள் யாவரும் பெட்டியின் வாசலையே நோக்கி, மூட்டையோடும் பிள்ளைகளோடும் ஆசனத்தைத் தேடி ஒருதிசையில் ஓடுவர். அவ்வெள்ளத்துக்கு எதிராக, கையிலே டிக்கெட்டோடு, தம் பெட்டியையும் தாண்டி, மேடையின் நுனிக்கு நடந்துபோகும் ஒருவரைக் கண்டால் அவரைத் தவறவிடலாகாது. அவர் என்ஜினின் இலக்கத்தைப் பார்க்கப் போகிறார். முன்பின் அறியாத அவரிடம் ஊரைக் கேட்பதோ தொழிலைக் கேட்பதோ சாஸ்திர விரோதம். அவர் வெருண்டு ஆசனத்துக்குத் திரும்பிவிடுவார். அவரருகே நின்று, அவரைப் பாராமல், என்ஜினைப் பார்த்து, பிழையாக ஒன்று சொல்லவேண்டும். பிரியர் எதையும் பொறுப்பார், பிழையைப் பொறார்.

"இண்டைக்கு எம் சிக்ஸ் பூட்டியிருக்காங்க போல" என்றேன் நான், ஒருமுறை, வானத்தை நோக்கியவாறு.

"இல்ல காக்கா, சத்தத்தக் கேளுங்க, இது எம் ஃபோர்" என்றார் அவர்.

"அப்பிடியா? கனடாவால வந்ததா?"

"எழுபத்தஞ்சுல. மொன்ட்ரியல். எம் சிக்ஸ் எழுபத்தொம்பது, ஜெர்மன்காரன்ட."

"தம்பிக்கு ஊரு?"

"மருதமுனை."

சிறிது நேரம் இருவரும் என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னர்க் குரலைத் தாழ்த்தி, "சின்னதும் வெச்சிருக்கீங்களா?" என்றேன். அவர் இருபுறமும் பார்த்தார்.

"ஒண்டு இரிக்கி. மகனுக்கு எண்டு வாங்கின."

"மகனுக்கு எத்தின வயசு?"

"எனக்கு இன்னம் கலியாணம் முடியல்ல காக்கா."

இதனினும் வலிய சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் கேளாது.

ஏனைய க்ஷேத்திரங்களை விரைவிலே சொல்லி முடிக்கலாம். கடுகண்ணாவையிலே 2014 டிசம்பர் 27 இல், முதற் கோச்சி ஓடிய நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவுநாளிலே திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகம் உத்தமமான இடமாகத் தோன்றும். ஆனால் அங்கே வருபவருட் பலர் கண்டிக்குப் போகும் வழியில் மனைவிமக்களுக்குப் படம் பிடிக்க இறங்கியோர். பழைய நீராவி என்ஜினின் முன்னால் நின்று என்ஜின் மறையும்படி படம் பிடிப்போர். தெமட்டகொடைப் பாலம் அதைவிட மேலானது. அங்கே வெயிலில், கைப்பிடிச் சுவரிலே சாய்ந்து, கீழே என்ஜின் கொட்டகையை நோக்கி, அலுவலேதுமின்றி நிற்பவர் ஒன்று கடன்காரருக்கு ஒளிப்பவர், அல்லது பிரியர். இவ்விருவரையும் வேறுபடுத்த ஒரு வினா போதும். 1954 தொடக்கம் கனடாவிலிருந்து வந்த எம் டூ என்ஜின்களுள், கொழும்புத் திட்டத்தின்கீழ் அன்பளிப்பாகக் கிடைத்தவற்றுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்; அவற்றிலே இரண்டைச் சொல்லும்படி கேட்டால், கடனாளி கனடாவுக்கு விசா எடுத்துத் தரும் ஏஜென்டோ என்று நம்மை நம்பிக்கையோடு பார்ப்பார்; பிரியர் ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று தொடங்கி, தம் பெத்தாப்பாவின் பெயரைச் சொல்லும் வாஞ்சையோடு மிச்சத்தையும் சொல்லிவிடுவார்.

எங்கள் கரைப் பிரியர்கள் கொழும்புக்கு வந்த பின்னரே ஏன் வெளிப்படுகிறார்கள், ஊரிலேயே ஏன் கூடிக்கொள்ளவில்லை என்ற வினா எழும். இதற்கான காரணம் எங்கள் கரையின் சொத்துரிமையிலே உள்ளது. அங்குள்ள முஸ்லிம்களும் தமிழரும் ஒருங்கே பேணிவரும் தாய்வழிக் குடிமுறையையும், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கல்யாணம் முடிக்கும் வழக்கையும் மானிடவியலார் நிரம்ப எழுதியிருக்கின்றனர். டெனிஸ் மக்கில்ரே என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்து 2008 இல் பெரிய நூலொன்றே வெளியிட்டார். ஆயினும் இம்முறை சின்னக் கோச்சிக்கு விளைவிக்கும் சட்டச் சிக்கலை அவரும் ஆராய்ந்தாரில்லை. வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை அவ்வீட்டுக்குக் குடிவருபவன். அவன் தண்டவாளம் விரிக்க எண்ணும் தரை மாமனாரின் காசிலே சீமெந்து பூசப்பட்ட தரை. அந்தத் தரையிலே எட்டடிக்கு நான்கடிப் பலகை ஒன்றை நிரந்தரமாகப் போடுவதற்கு மாப்பிள்ளைக்கு உரிமை உண்டா, உண்டாயின் அது குடியிருப்பு உரிமையின் பகுதியா, மாமியின் பெருந்தன்மையின் பகுதியா, பலகையின் கீழே நெல்மூட்டை வைக்க மாமி விரும்பினால் சுரங்கப்பாதைக்கு நேரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்னும் மஸ்அலாக்கள் இன்றுவரை எந்தச் சபையிலும் தீர்க்கப்படவில்லை. தம் உம்மாவின் வீட்டிலாவது போடலாமென்றால், அது தங்கச்சிக்கு எழுதப்பட்டிருக்கும். ஆகவே எங்கள் கரை மாப்பிள்ளைக்குத் தனக்கென்று தண்டவாளம் போடத்தக்க ஒரே தரை, கொழும்பிலே அவன் மாதாமாதம் வாடகை கட்டும் சிறிய அறையின் தரையே. கட்டிலைக் காலோடு உயர்த்தி, அடியிலே பலகையைச் செருகி, பெருநாளைக்கு ஊருக்குப் போகையில் என்ஜினை மட்டும் சாரத்திலே சுற்றி, இரவு பஸ்ஸிலே மடியில் வைத்துக்கொண்டு போகிறான். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் அருமையைக் கோச்சிப் பிரியர்கள் இவ்வகையிலும் அறிந்திருக்கிறார்கள். அதிலே நூல் பிரிந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்வதில்லை.

இவ்விதிகளின்படி தேடியதன் பயனாக, மேற்சொன்ன மருதமுனைத் தம்பியும், நிந்தவூர்க்காரர் ஒருவரும், அட்டாளைச்சேனை மாஸ்டர் ஒருவரும், இக்கட்டுரையாளனுமாக நால்வர் தெமட்டகொடையிலே ஒரு வாடகை அறையில் கூடினோம். கூடியவுடன் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று: அரசாங்கங்கள் செய்யாததை நாம் செய்வோம், மட்டக்களப்புப் பாதையைக் கல்முனைக்கு நீட்டுவோம். கணக்கும் அனுகூலமாகவே இருந்தது. உலகில் மிகப் பரவலான சின்னக் கோச்சியின் அளவு மெய்யளவில் 87 இல் ஒரு பங்கு. அவ்வளவிலே மனிதன் இரண்டு சென்ரிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தினன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரை 87 ஆல் வகுத்தால் 460 மீட்டர். கோட்டையிலிருந்து மட்டக்களப்பு வரையான முழுப் பாதையையும் அவ்வாறே வகுத்தால் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். அதாவது கல்முனைச் சந்தையிலே கோட்டை ஸ்டேஷனை வைத்தால், மாகோவும் பொலன்னறுவையும் வாழைச்சேனையும் பிரதான வீதியோரமாகவே வந்து, சாய்ந்தமருதையும் கடந்து மாளிகைக்காட்டு அயலிலே மட்டக்களப்பு ஸ்டேஷன் அமையும். ஒரு நூற்றாண்டாகக் கோச்சி காணாத ஊர்கள், ஒரே நாளிலே, வீட்டு வாசலில், முழு இலங்கைப் பாதையையும் காணும். இது அசாத்தியமுமன்று, ஹம்பேர்க்கிலே 2001 இல் இரு சகோதரர்கள் திறந்த சின்னக் கோச்சி உலகத்திலே போட்டிருக்கும் தண்டவாளம் 15 கிலோமீட்டருக்கும் அதிகம். வீதியிலே திரியும் ஆட்டுக்குட்டிகளை என்ன செய்வது என்பதொன்றே பாக்கி. புதிய ஸ்டேஷன் கல்முனையிலா சாய்ந்தமருதிலா என்ற பிரச்சினை அரசியலில் முடியுமாதலால், பெயர்ப்பலகையை மட்டும் எழுதாமல் வைப்பதென்று பெருந்தன்மையோடு உடன்பட்டோம்.

பிரிவு வந்தது தண்டவாளத்தின் அகலத்தால். இலங்கையின் பாதை இந்தியாவின் பாதையைப் போலவே அகலப் பாதை. இரு கம்பிகளுக்கும் இடையே ஐந்தடி ஆறங்குலம், 1676 மில்லிமீட்டர். உலகக் கடைகளிலே விற்கும் சின்னத் தண்டவாளமோ ஐரோப்பியரின் நாலடி எட்டரை அங்குலத்தைச் சுருக்கியது. அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் பாதையை 87 ஆல் வகுத்தால் 19.3 வரும். இந்த 2.8 மில்லிமீட்டர், ஒரு பருப்பின் பருமனும் தேறாத இடைவெளி, நால்வரையும் நான்காகப் பிளந்தது. மருதமுனைத் தம்பி சமரசவாதி: ஆங்கிலேயரே தங்கள் நாட்டுக் கோச்சியை 76 இல் ஒன்றாகச் செய்து, 18.8 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய பாதைக்கு இதே 16.5 தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டு பல பத்தாண்டுகளாகச் சுகமாய் வாழ்கிறார்களே, நமக்கென்ன என்பது அவர் கட்சி. அட்டாளைச்சேனை மாஸ்டர் சுத்தவாதி: கம்பியை நம் கையாலேயே 19.3 இல் பதிப்போம், சக்கரத்தின் அச்சையும் நாமே கடைவோம், பொய்யான அகலத்தில் ஓடும் மட்டக்களப்புக் கோச்சி உதயதேவியை என் கண்ணால் பார்க்கமாட்டேன் என்பது அவர் சபதம். நிந்தவூர்க்காரர் கணக்குப் புலி: தண்டவாளத்தைத் தொடாதீர்கள், கோச்சியைச் சுருக்குங்கள், 1676 ஐ 16.5 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 102. நூற்றிரண்டிலொரு பங்காகச் செய்தால் கடைத் தண்டவாளமே மிகச் சரியான இலங்கை அகலப் பாதையாகிவிடும் என்றார். அது உண்மையே, ஆனால் அவ்வளவிலே கோச்சி விற்கும் கடையை நாங்கள் கண்டதில்லையாதலால் யாவற்றையும் அட்டையாலும் தகரத்தாலும் நாமே செய்யவேண்டும். என் கட்சி அடக்கமானது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1990களில் அகலமாக்கப்படும் வரையில் இரண்டடி ஆறங்குலச் சிறுபாதையாகவே இருந்தது. 762 மில்லிமீட்டரை 87 ஆல் வகுத்தால் 8.8, ஒன்பது மில்லிமீட்டர்த் தண்டவாளம் எக்கடையிலும் உண்டு. ஆகவே களனிப் பாதையைச் செய்வோம் என்றேன். களனிப் பள்ளத்தாக்குக்கும் கல்முனைக்கும் என்ன சம்பந்தம் என்று மூவரும் ஒரே குரலிற் கேட்டார்கள். அந்த ஆய்வுக்குழு அன்று கண்ட இஜ்மாஃ அதுவொன்றே.

பிளேன்டீ ஆறிற்று. நான்கு வாக்கு நான்கு கட்சிக்கும் ஒவ்வொன்றாய் விழுந்தபடியால், தீர்ப்பு வாக்கு அளிக்க ஐந்தாமவர் ஒருவரை மாநகரிலே தேடிப் பிடிப்பதென்றும், அவர் அகலத்தைப் பற்றி முன்கூட்டிய அபிப்பிராயம் ஏதும் இல்லாத நடுவராக இருக்கவேண்டும் என்றும் மாஸ்டர் பிரேரித்தார். பிரேரணையை எழுதி முடித்த பின்னரே அதன் தோஷம் தென்பட்டது. அபிப்பிராயம் உள்ளவர் வந்தால் ஐந்தாவது கட்சி உண்டாகும். அபிப்பிராயம் இல்லாதவர் வந்தால், மேலே வகுத்த இலக்கணத்தின்படி அவர் பிரியரே ஆகார், வாக்களிக்கும் தகுதியும் அவருக்கில்லை. இத்தர்க்கத்தை அவிழ்க்கும் வழி அறிந்தவர், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் தெமட்டகொடைப் பாலத்திலே எங்களைக் காணலாம். நால்வரும் தனித்தனியாகவே நிற்போம்.